துண்டு போட்ட இடம்

துண்டு தானாக இடம் பிடிக்காது. பின்னால் மூச்சிரைக்க ஓடிவர ஓர் ஆள் இருக்கும் வரைக்கும்தான் அது துண்டு, இல்லாவிட்டால் வெறும் துணி. சத்தியமங்கலம் பஸ் நிலையத்தில், ஜன்னல் வழியாகச் சீட்டில் வந்து விழும் துண்டுக்கும் கைக்குட்டைக்கும் ஒற்றைச் செருப்புக்கும் இடையே மூளும் வழக்குகளையெல்லாம் இந்த ஒரே சட்டத்தால் தீர்த்துவைத்துத் தலை நரைத்த கண்டக்டர் சென்னியப்பன், இப்போது அமெரிக்காவின் மேற்குப் பக்கம், கார்வெல் என்ற சின்ன ஊருக்கு மேலே, மண்பாதை முடிகிற ஓர் ஓடைக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே இளமரத்துக் கிளையில் தான் கட்டிய ஈரிழைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது, சட்டப்படி இடம் நம்முடையதுதான், ஆனால் சண்டைக்கு வரவேண்டிய எதிராளியைக் காணோம். "இது காசில்லாத எடம்ப்பா, மொதல்ல வந்தவங்களுக்குத்தான்," என்று வண்டியை நிறுத்தியதும் மகன் தினகர் சொன்னான்; இந்த ஊர் உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் எஞ்சினியர், எதைச் சொன்னாலும் மெஷின் மேல் ஒட்டிய எச்சரிக்கைப் பலகை மாதிரியே சொல்வான். "ஆளில்லாமப் போனா வேற எவனாவது வந்து கூடாரத்த அடிச்சிருவான். நாங்க கீழ ஏரிக்கிட்டப் போயி, காசு கட்டற கேம்ப்கிரவுண்ட்ல எடம் இருக்குதான்னு பாத்துட்டு வந்தர்றோம். அங்க கக்கூஸ், கொழாய் எல்லாம் இருக்குது, அம்மாவுக்குச் சவுரியம். கெடைக்கலைன்னா இதுதான் நமக்கு." மகள் மஞ்சரிதான் வண்டிக்குள்ளிருந்து துண்டை எடுத்து நீட்டினாள். "நீங்கதானுங்கப்பா எடம் புடிக்கோணும். உங்கள விட்டா இதுக்கு ஆளேது?" அந்த ஒரு வார்த்தையில் மனிதர் குளிர்ந்துபோனார். பரண் மேல் போட்டுவைத்த விசிலை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தாற்போல இருந்தது. ஆனால் துண்டைக் கொடுக்கும்போது அவள் ஏன் முகத்தைப் பார்க்காமல் துண்டையே பார்த்துக்கொண்டு கொடுத்தாள்?

சரி, வெயில் கண்ணில் அடித்திருக்கும். இந்த ஊர் வெயிலுக்குச் சூடு இல்லை, கூர்மைதான் இருக்கிறது. காற்றும் வறண்டு, மூக்குக்குள் காகிதம் வைத்துத் தேய்த்த மாதிரி எரிகிறது. கண்ணுக்கெட்டிய வரை முழங்கால் உயரச் சாம்பல் நிறப் புதர், கிள்ளி மோந்தால் மருக்கொழுந்தை வெயிலில் காயப்போட்ட வாசனை. அத்தனையும் சர்க்கார் நிலமாம், எவரும் வந்து இரண்டு வாரம் வரைக்கும் கூடாரம் அடித்துத் தங்கலாமாம், கேட்க ஆளில்லையாம். அட, புறம்போக்கு! புறம்போக்கில் உட்கார்ந்தவனை நம் ஊரில் தாசில்தார் ஜீப்பில் வந்து கிளப்புவான், இங்கேயோ போய் உட்காருங்கள் என்று சர்க்காரே வரைபடம் அச்சடித்துத் தருகிறதாம். முன்னால் தங்கிப்போனவன் அடுப்புக்குக் கல்லை வட்டமாக அடுக்கி, நடுவில் கரியை விட்டுப் போயிருக்கிறான். எவனோ முகம் தெரியாதவன் வைத்த அடுப்பு. நாற்காலிக்குப் பக்கத்தில் மகன் வைத்துவிட்டுப் போன கரடி மருந்து. கரடி வந்தால் ஊசியை இழுத்துவிட்டு மூஞ்சியில் பீய்ச்ச வேண்டுமாம், மிளகாய்ப்பொடி மாதிரி எரியுமாம். "கரடி வருமாடா?" என்றதற்கு, "வராதுங்கப்பா, சும்மா ஒரு பாதுகாப்புக்கு," என்றான். வராத கரடிக்கு மருந்து எதற்கு, வராத எதிராளிக்குக் காவல் எதற்கு என்று ஒரு நினைப்பு வந்து, செருப்பில் ஏறிய முள் போலக் குத்தியது. அதைச் சட்டென்று உதறிவிட்டு, கரடி வந்தால் மருந்தை எப்படிப் பிடிப்பது, பிடித்ததை ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று யோசிக்கலானார். ஒற்றைக் கரடி என்றால் எடுக்காது. தாயும் இரண்டு குட்டியும். குட்டி ஒன்று துண்டை இழுக்கிறது, விடு கண்ணு என்று இவர் சொல்கிறார், தாய் இரண்டு காலில் எழுந்து நிற்கிறது, பனைமர உயரம். மஞ்சரி ம் கொட்டுவாள். ம்… ம்… அப்பறம்? அந்த ம் இல்லாமல் அவருக்குக் கதை நகராது. டபுள் விசில் கேட்காமல் எந்த டிரைவர் வண்டியை எடுப்பான்? மனைவி பாவாத்தாள் பாதியில் கொட்டாவி விடுவாள், மகன் போனை நோண்டுவான், அவள் ஒருத்திதான் பாவாடை கட்டிய நாளிலிருந்து இந்த வயது வரைக்கும் சலிக்காமல் ம் கொட்டியவள்.

நெய் வாசனை. இங்கே ஏது நெய்? காலையில் அடித்த வாசனை மூக்கிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. விடிவதற்கு முன்னால் எழுந்து பாவாத்தாள் கேசரி கிண்டினாள், முந்திரி வறுபட்ட வாசனைக்கே இவர் எழுந்துவிட்டார். ஒரு விரல் வழித்துக்கொள்ளப் போனவரை, "சாமிக்குப் படைக்கோணும், கையை எடுங்க," என்று கரண்டியாலேயே தள்ளினாள். கூடாரம் அடிக்கிற காட்டில் எந்தச் சாமி இருக்கிறது என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். புட்டா போட்ட பட்டுச்சேலையை எதற்கு உடுத்துகிறாய் என்றும் கேட்டிருக்கலாம், அழுக்கானாலும் பரவாயில்லைன்னு பழசைக் கட்டினேன் என்றிருப்பாள். இங்கே வந்து இறங்கியும் உடனே கிளம்பாமல், ராகுகாலம் கழியட்டும் என்று வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாளே, அதற்குக்கூட இவர் சிரித்துக்கொண்டுதான், "நம்மூர் ராகு இந்நேரம் போர்த்திப் படுத்திருக்கும் புள்ள," என்றார். கக்கூஸ் இருக்கிற இடம் பார்க்கப் போகிறவர்கள் ராகுகாலம் பார்ப்பார்களா? மகன் நடு வாரத்தில், புதன்கிழமையாகப் பார்த்து லீவு போடுவானா? நான்கு நாற்காலியில் மூன்றை ஏன் வண்டியிலேயே வைத்துக்கொண்டு போனார்கள்? பார், பார், பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரன் டிக்கெட் எடுக்காமல் தலையைக் குனிந்திருப்பதை முன் படியில் நின்றே கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இத்தனையும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததையெல்லாம் தெரியாததாக வைத்துக்கொண்டு, உங்கள விட்டா ஆளேது என்ற ஒரு வார்த்தையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது கிழம்.

சிறுத்தைக் கதையால் வந்த வினை. திம்பம் மலையில் இருட்டு வளைவில் கடைசி பஸ் நின்றபோது, பின்படி வழியாகச் சிறுத்தை ஏறி மூன்று பேர் சீட்டில் படுத்துக்கொண்டது. இது அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று டிரைவரைக் கேட்டு, கடைசியில் லக்கேஜ் என்று கிழித்துக் கொடுத்தார். பண்ணாரி வந்ததும் அது தானாக இறங்கி, கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனது. எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை எழவு வீட்டில் சொன்ன கதை! மஞ்சரியை முதன்முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் சொன்னார், ஈரோட்டு வீட்டுக் கூடத்தில், பலகாரத் தட்டு இறங்கும் நேரம். மாப்பிள்ளையின் தாயார் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கிற முகத்தைக் கண்டால் அதற்கு மேல் ஒரு பிடி போடாமல் இருக்க முடியுமா? அன்றைக்குத் தன் மடியில் மூன்று வயதுப் பிள்ளையாக மஞ்சரியும் இருந்ததாகவும், இறங்குகிற சிறுத்தை அவள் தலையை ஒரு நக்கு நக்கிவிட்டுப் போனதாகவும், நக்கின இடத்தில் இன்றைக்கும் முடி வெள்ளையாகத்தான் முளைக்கிறது என்றும் சொல்லிவைத்தார். சொல்லும்போதே அது எவ்வளவு அழகாக விழுந்தது! அவர்கள் ஊருக்குப் போனதும், பெண்ணுக்குத் தலையில் ஏதோ தோல் கோளாறு, சாயம் பூசி மறைக்கிறார்கள், தகப்பனே வாய்தவறி உளறிவிட்டார் என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கதையில் சிறுத்தை டிக்கெட் வாங்கியதை நம்பாதவர்கள் நரைமுடியை மட்டும் பொறுக்கி எடுத்து நம்பினால் அதற்கு யார் என்ன செய்வது? கேட்கத் தெரியாத குடும்பம், போனதே நல்லது. அப்படித்தான் மஞ்சரியிடமும் சொன்னார். அவள் கண்ணாடி முன்னால் நின்று வகிட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே, "ம்," என்றாள். அதையும் அவர் வழக்கமான ம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

பாதையில் தூசி கிளம்பியது. வந்துவிட்டார்கள் என்று எழுந்தார். வந்தது வேறு வண்டி, பின்பக்கம் திறந்த ஒரு பழைய பிக்கப். எதிராளி! சென்னியப்பன் துண்டுக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றுகொண்டார். இறங்கியவள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அவரைவிட மூத்தவள், நரைத்த பின்னலை முன்னால் போட்டிருந்தாள், பின்னாலேயே ஒரு நொண்டி நாய். காதில் விழுகிற இங்கிலீஷில் பாதியைப் புரிந்துகொண்டு மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறவர் அவர். ஆனால் இவள் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, கையையும் ஆட்டிப் பேசினாள். தனியாகவா இருக்கிறாய், உடம்புக்கு ஒன்றுமில்லையே, தண்ணீர் இருக்கிறதா? "மை பிளேஸ். மை சன் கம்மிங். ஐ காவல்," என்றார் இவர், துண்டைக் காட்டி. கிழவிக்குப் புரிய சற்று நேரமானது. புரிந்ததும் நாயே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். அட, இதற்கு ஆள் எதற்கு? ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால் போதுமே, திரும்பி வருகிற வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள், அதுதான் இங்கே வழக்கம். அதுவும் லீவெல்லாம் முடிந்து, நடு வாரத்தில் யார் வரப்போகிறார்கள்? மேலே போய்ப் பார், இதைவிட நல்ல இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. கீழே காசு கட்டுகிற இடமே முக்கால்வாசி காலி! உன் மகன் உனக்குச் சொல்லவில்லையா? சொல்லிக்கொண்டே வண்டிக்குள் குனிந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். "உன் ஊர் ஆட்கள்தான் போலிருக்கிறது, ஏரிக்கரையில். இரண்டு குடும்பம். மேஜைமேல் துணி விரித்து, பூவெல்லாம் வைத்து, அவ்வளவு கலகலப்பு. ஒரு பெண்ணும் பையனும் தண்ணீர் ஓரமாகத் தனியே நடந்துபோனார்கள், பார்க்கவே அழகு. வழியில் போன என்னையும் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை ஆகாது, நீ சாப்பிடு." காகிதத்துக்குள் மஞ்சளாக, முந்திரி பதித்து, இன்னும் நெய் கசிந்துகொண்டு பாவாத்தாளின் கேசரி. "தேங்க்யூ," என்று சென்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு விசேஷத்துப் பலகாரம் அவருக்கு வழிப்போக்கர் கையால் வந்து சேர்ந்தது. வண்டி போய், தூசியும் அடங்கிவிட்டது.

ஆக, இடம் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் இடம் இருக்கிறது, இந்தத் தேசம் பூராவும் இடம், ஒரு மேஜையில் ஒரு மூலையில் மட்டும் இல்லை. ஒரு வாய் கடித்து, மீதியைக் காகிதத்தோடு கல்மேல் வைத்தார். மகன் செய்திருந்தால் மன்னித்துவிடலாம், அவன் நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகவேண்டியவன், அவனுக்கு ஆயிரம் யோசனை. பாவாத்தாள் செய்திருந்தால், அவள் பயந்தவள், பெண்ணுக்கு வயதாகிறதே என்று ராத்திரியெல்லாம் உருண்டு படுக்கிறவள். துண்டைக் கொடுத்தவள் மஞ்சரி அல்லவா! ஜன்னல் வழியாக விட்டெறியாமல், ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆளுக்கு எந்த வார்த்தை போட்டால் அசையாமல் உட்காருவான் என்று தெரிந்து, தடவிக் கொடுத்து உட்காரவைத்தவள். கதை சொல்கிறவனுக்கே கதை. அதுவும் எப்பேர்ப்பட்ட கச்சிதம், யாரிடம் கற்றாள்! என்ன சொல்லியிருப்பார்கள் அங்கே? பெண்ணின் தகப்பனார் எங்கே என்று கேட்காமலா இருந்திருப்பார்கள்? தனக்கு இப்போது என்ன வியாதி? வயிற்றாலையா, ரத்தக் கொதிப்பா, வழுக்கி விழுந்து கால் பிசகியிருக்கிறதா? ஒருவேளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லியிருப்பார்களோ, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று? மாடே இல்லையே. செத்துப்போனதாகச் சொல்ல மாட்டார்கள், பாவாத்தாள் பொட்டு வைத்திருக்கிறாள். நடந்தே போய்விடலாம், இறக்கம்தானே, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது மேஜை ஓரத்தில் போய் நின்று, "என்னங்க ஒறம்பரைங்களா, சௌக்யமா?" என்று அந்த விருந்தாளிகளைக் கேட்டால் எத்தனை முகம் வெளுக்கும்! இரண்டு எட்டு வைத்தும்விட்டார். தண்ணீர் ஓரமாக அவளும் பையனும் நடந்துபோனார்கள் என்றாளே. அவள் என்ன பேசியிருப்பாள்? அவன் சொன்னதற்கு ம் கொட்டியிருப்பாளா? வைத்த காலை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு காற்றில் அசைந்தது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதுவும் தானும் ஒரே வேலைக்கு வந்தவை.

அப்போதுதான் ஓடையில் கல் உருண்டது. கரடி என்று கை மருந்துக்குப் போனது, ஊசி எந்தப் பக்கம் என்று மறந்தது. நாணல் விலகி ஒரு தலை வந்தது. தலை வந்துகொண்டே இருந்தது. கழுதை மூஞ்சியை ஒட்டகத்துக்குப் பொருத்தி, எருமை உடம்பின்மேல் ஏற்றி, கால்களை மட்டும் பந்தல் மூங்கிலில் நட்டுவைத்த மாதிரி ஒரு பிராணி, கழுத்துக்குக் கீழே ஆடுகிற ஒரு தோல் மணி, தலைமேல் இரண்டு முறத்தை விரித்தாற்போலக் கொம்பு. மூஸ் என்று மகன் படம் காட்டியிருந்தான், படத்தில் இவ்வளவு பெரிதாக இல்லை. கொம்பின் தோல் உரிந்து கந்தலாகத் தொங்கியது. கரையேறி, தண்ணீர் சொட்டச் சொட்ட, அவரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் நேராகக் கல்லுக்குப் போய், கேசரியை மோந்து, காகிதத்தோடு வாயில் போட்டு, முந்திரியை ஆர அமர மென்றது. மூச்சின் சூடு முழங்காலில் பட்டது. சென்னியப்பன் மூச்சு விடவில்லை. பிறகு அது அந்த இளமரத்தில் தலையைச் சாய்த்து, அரிப்புத் தீர, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது. மரம் வளைந்தது, கிளை முறிந்தது, துண்டு அவிழ்ந்து கொம்பில் சுற்றிக்கொண்டது. நிமிர்ந்தது. ஒரு முனை நெற்றியில் விழ, மறுமுனை தோளில் தொங்க, பட்டுத் தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளையாக ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தது. பெண்ணைப் பார்த்தாயிற்று, பலகாரம் சாப்பிட்டாயிற்று, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பது போல ஒரு பார்வை. தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறி மறைந்தது. "பாத்தியா அம்மிணி!" என்று அவர் வாய்விட்டுச் சொல்லிப் பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் கரடி மருந்துதான் இருந்தது. எத்தனையோ காலமாகப் பொய்யைக் கட்டி ஆண்ட மனிதனுக்கு இதோ ஒரு நிஜம், ஒரு முடி சேர்க்கத் தேவையில்லாத நிஜம், ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்து வந்துவிட்டுப் போகிறது. பயத்தாலோ சிரிப்பாலோ கண் நனைந்திருந்தது. கண்ணைத் துடைக்கத் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார், துண்டு இல்லை.

வண்டி வந்தது. மூவர் முகத்திலும் வெளிச்சம், அதை அணைத்து அணைத்து வைத்துக்கொண்டு இறங்கினார்கள். "கேம்ப்கிரவுண்டு ஃபுல்லுங்கப்பா, ஒரு எடமில்ல, பூராம் கூட்டம்," என்றான் தினகர். "நல்லவேளை நீங்க இங்க புடிச்சு வெச்சீங்க." பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பிள்ளை, இடமில்லாத ஊருக்கு இத்தனை நேரம் எதற்குப் போனான் என்று கேட்டால் கையில் பதில் இருக்கிறதா அவனிடம்? பாவாத்தாள் கூந்தலில், போகும்போது இல்லாத பூ ஏதோ இருந்தது. ஒரு பிளாஸ்கை நீட்டினாள்; அவர்கள் வீட்டு பிளாஸ்க் அல்ல. "சுக்குக் காப்பிங்க. கீழ ஒரு நம்மூர்க்காரம்மா குடுத்தாங்க. குடிச்சா சளிக் காய்ச்சலுக்கு நல்லதாமா." அப்படியானால் வியாதி சளிக் காய்ச்சல். நல்ல வியாதி, நாலு நாளில் சரியாகிவிடும், கல்யாணத்துக்கு வந்துவிடலாம். வாங்கி ஒரு மிடறு குடித்தார். நன்றாகத்தான் போட்டிருந்தாள் அந்தம்மாள்.

மஞ்சரி கடைசியாக இறங்கினாள். முறிந்த கிளையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இந்த முறை முகத்தையே பார்த்தாள். "துண்டு எங்கீங்கப்பா?"

"காத்துல போயிருச்சு."

காற்றில் போன துண்டுக்குப் பின்னால் இன்னும் என்னென்னவோ வரும் என்று அவள் காத்திருந்தாள். பிறந்ததிலிருந்து காத்திருந்து பழகியவள். நெருங்கி வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்து, "ம்?" என்றாள்.

வாய் வரைக்கும் வந்தது. கழுதை மூஞ்சி, ஒட்டகம், முறம், தலைப்பாகை, எல்லாம் நாக்கின் நுனியில் வரிசை கட்டி நின்றது, ஒரு விசில்தான் பாக்கி. அவள் செருப்புக்குப் பக்கத்தில், ஈரமண்ணில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பிளந்த குளம்பு ஒன்று ஆழமாகப் பதிந்து, அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தால் போதும்.

"ம்?" என்றாள் மறுபடி, குரல் கொஞ்சம் இறங்கி.

"ஒண்ணும் நடக்கலீங்கம்மிணி," என்றார் சென்னியப்பன், மகளுக்கு முதல்முறையாக மரியாதை கொடுத்து. "கூடாரத்த எடுக்கச் சொல்லுங்க, வெயில் சாயுது." அவள் திரும்பி நடந்தாள், திரும்பும்போது அந்தத் தடத்திலேயே கால் வைத்து.